நகராத விண்மீனுக்காக ஏழு ஆண்டுகள்

பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் பளிச்சிடுவதைப் பார்க்க, ஆண்டுக்கு இரண்டு பருவம் என்று ஏழு ஆண்டுகளாகக் கண் விழிக்கிறேன். முதல் பருவம் முழுக்க வீண். பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாளையொட்டிப் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் பளிச்சிடும் என்று படித்துவிட்டு, சரியாக மார்ச் 20 இரவு பைனாகுலரோடு போய் நின்றேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கணக்கு பிறகுதான் புரிந்தது. இவை நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. இவற்றின் சூரியத் தகடுகள் வடக்கு தெற்கான அச்சில் திரும்பித் திரும்பிச் சூரியனைப் பார்த்தபடி இருக்கும். அதில் பட்ட வெயில் வடக்கே தெறிக்க வேண்டுமானால், சூரியன் நடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே நிற்க வேண்டும். அதனால் 40 பாகை வட அட்சரேகையில் இருப்பவருக்கு மார்ச் 5, அக்டோபர் 8 வாக்கில் வாய்க்கும். 10 பாகையில் மார்ச் 16, செப்டம்பர் 27 வாக்கில். தெற்கில் இருப்பவர்களுக்கு மார்ச் சம இரவுக்குப் பின்னும் செப்டம்பர் சம இரவுக்கு முன்னும். தகடு இம்மி சாய்ந்திருந்தாலும் நாள் தள்ளும். நான் ஒரு வாரம் ஒதுக்கிவிடுவேன்.

கருவி விஷயத்தில் செலவு செய்து கற்றுக்கொண்டேன். விண்மீனைத் துரத்தும் மோட்டார் பொருத்திய தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். இந்த வேலைக்கு அந்த மோட்டாரை அணைத்துவைக்க வேண்டும்! இன்றும் கைகொடுப்பது 10×50 பைனாகுலரும் ஆடாத முக்காலியும்தான். முக்காலி இல்லாமல் முயல்வது வெட்டி வேலை.

நள்ளிரவை ஒட்டி, சூரியனுக்கு ஏறத்தாழ எதிர்த்திசையில் குறிவைத்து, பைனாகுலரைத் தொடாமல் பார்க்க வேண்டும். விண்மீன்கள் எல்லாம் மெல்ல மேற்கே நழுவும். நழுவாத ஒரு புள்ளி மட்டும் அப்படியே நிற்கும். வழக்கமாக அது பத்தாம் ஒளித்தரத்துக்கும் (எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும் அளவு இது) மங்கலானது, பைனாகுலருக்கு எட்டாது. ஒளிரும்போது ஐந்து, ஆறு வரை ஏறிவிடும். இருண்ட வானத்தில் வெறுங்கண்ணுக்கே தட்டுப்படும். உச்சத்தை நெருங்கும் வேளையில் பூமியின் நிழல் வந்து விழுங்கிவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் புள்ளி மங்கி மறைகிறது. முதல்முறை பார்த்தபோது லென்ஸில் பனி படிந்துவிட்டதென்று துடைக்கப் போனேன். நிழல் மேற்கே நகர்வதால் மேற்கு ஓரத்தில் ஒவ்வொன்றாக அணையும், கிழக்கு ஓரத்தில் ஒவ்வொன்றாக முளைக்கும். ஒரு பாகை தள்ளியிருக்கும் செயற்கைக்கோளுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் கழித்து முறை வரும். பக்கத்திலேயே இரண்டு மூன்று குத்துப்புள்ளிகளாக நிற்கும் கூட்டங்களும் உண்டு.

படம் எடுக்க 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். 10 வினாடி திறந்துவைத்தால் விண்மீன்கள் கோடாகும், செயற்கைக்கோள் புள்ளியாகவே பதியும். எது எதுவென்று சந்தேகமே வராது.

குறை என்று சொன்னால் நிலவுதான். முழுநிலவும் சூரியனுக்கு நேர் எதிரே, இதே இடத்தை ஒட்டித்தான் வந்து உட்காரும். ஒரு அக்டோபரில் அது சரியாக என் வாரத்தில் வந்தது. நான்கு இரவு முக்காலியை விரிக்கவே இல்லை.