டெட்ராய்ட் 2021, வாஷிங்டன் 2024: இரண்டு புதுத் தொடக்கங்கள்

புதுப் பயிற்சியாளர், புதுப் பொது மேலாளர் என்று அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான NFL-இன் இந்த இரண்டு அணிகளும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தன. போன பாதை வேறு.

டெட்ராய்ட் லயன்ஸ் 2021-இல் பயிற்சியாளராக டான் கேம்பலையும் பொது மேலாளராக பிராட் ஹோம்ஸையும் கொண்டுவந்தது. நட்சத்திர குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸ் அணிக்குக் கொடுத்து, இன்னொரு குவார்ட்டர்பேக்கான ஜாரெட் கோஃபையும் வருங்கால டிராஃப்ட் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) வாய்ப்புகளையும் வாங்கியது. ஸ்டாஃபோர்ட் அந்த சீசனிலேயே லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் ஜெயித்தார். டெட்ராய்ட் ரசிகருக்கு எப்படி இருந்திருக்கும்! அதுகூடப் பரவாயில்லை. பால்டிமோருக்கு எதிராக ஜெயித்துவிட்டோம் என்றிருந்தபோது, அந்த அணியின் ஜஸ்டின் டக்கர் 66 யார்டிலிருந்து உதைத்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டுத் துள்ளி உள்ளே விழுந்தது. 19-17. முதல் வெற்றி டிசம்பரில்தான், அதுவும் மின்னசோட்டாவுக்கு எதிராகக் கடைசிப் பந்தில். முடிவு 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன்.

வாஷிங்டன் கமாண்டர்ஸுக்கு அவ்வளவு பொறுமை தேவைப்படவில்லை. 2023-இல் 4 வெற்றி, 13 தோல்வி; பயிற்சியாளர் டான் குவின், பொது மேலாளர் ஆடம் பீட்டர்ஸ் வந்த 2024-இல் 12 வெற்றி, 5 தோல்வி. காரணம் பெரும்பாலும் ஒரே ஆள்: டிராஃப்டில் இரண்டாவது தேர்வாக வந்த குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ். சரியான குவார்ட்டர்பேக் கிடைத்தால் வருடங்கள் மிச்சம்.

என் ஓட்டு டெட்ராய்ட்டுக்கே. அதிர்ஷ்டத்தை நம்பாமல் டிராஃப்ட் டிராஃப்டாகக் கட்டிய அணி அது. ஆனால் 2025 ஜனவரி பிளேஆஃபில் இரண்டும் மோதியபோது, டெட்ராய்ட் மண்ணிலேயே 45-31 என்று ஜெயித்தது வாஷிங்டன்.