பேக்கப் முடிந்ததும் தானே அணையும் சிஸ்டம்: இரண்டு வருஷ அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணாச்சி, ஒங்க சிஸ்டம் ராத்திரி பேக்கப் எடுத்துட்டுத் தானா அணைஞ்சிருமாமே, எப்படிச் செஞ்சிய?" நல்ல நேரத்தில் கேட்டார். அதே விஷயத்தில் நான் கடுப்பாக இருந்த வாரம் அது.

எங்களுக்குப் பாளையங்கோட்டையில் கல்யாண ஆல்பம், வீடியோ வேலை. 2023 டிசம்பர் மழையில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஏறியபோது, சிந்துபூந்துறையில் சொந்தக்காரர் வீட்டில் வைத்திருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க் சேற்றோடு போயின. நாலு மாசம் கழித்து ஒரு குடும்பம் இன்னொரு ஆல்பம் போட வேண்டும் என்று வந்தது. படம் இல்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு முடிவு செய்தேன், தினமும் ராத்திரி பேக்கப் என்று.

கடையை 10 மணிக்கு அடைப்போம். ஐப்பசி, கார்த்திகை இடியில் சிஸ்டத்தை விடிய விடிய ஓட விட மனசு வராது. இத்தனை மணிக்கு அணை என்று நேரம் குறித்து வைப்பதும் சரிப்படாது. ஒரு நாள் 20 ஜிபி, முகூர்த்த நாளில் 200 ஜிபி. பாதியில் அணைந்தால் என்ன பயன்?

இதற்கு விண்டோஸில் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. கட்டளைகளை வரி வரியாக எழுதி வைக்கும் ஒரு பேட்ச் ஃபைலில் மேல் வரி ரோபோகாப்பி, அதாவது விண்டோஸோடு வரும் காப்பி கட்டளை; கீழ் வரி சிஸ்டத்தை அணைக்கும் ஷட்டவுன். மேல் வரி முடியாமல் கீழ் வரி தொடங்காது. குறித்த நேரத்தில் வேலையைத் தானே தொடங்கி வைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த ஃபைலை ராத்திரி பத்தேகாலுக்குப் போட்டேன். காலையில் வந்தால் அறை இருட்டாக இருக்கும், டிஸ்க்கைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அந்த ஜில்லுக்காகவே தினமும் தொட்டுப் பார்ப்பேன்.

தொடங்கிய இரண்டாம் வாரம் ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே ஃபேன் ஓடும் சத்தம். திரையில் கறுப்பு ஜன்னல், ஒரே வரி திரும்பத் திரும்ப: 30 நொடி காத்திருக்கிறது, மறுபடி முயல்கிறது. தம்பி எடிட்டிங் மென்பொருளை மூடாமல் போயிருந்தான். அது பூட்டி வைத்திருந்த ஒரே ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது. அதற்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு கல்யாணம் மொத்தமும் காப்பி ஆகவில்லை.

நாம் எதுவும் சொல்லாவிட்டால் ரோபோகாப்பி ஒரு ஃபைலுக்கு 10 லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முறைக்கும் 30 நொடி இடைவெளி விடும். கணக்குப் போட்டேன்: 347 நாள்! நெட்வொர்க் அறுந்து அறுந்து வருகிற இடத்துக்கு இந்தப் பொறுமை தேவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரே மேஜையில் இருக்கும் இரண்டு டிஸ்க்குக்கு எதற்கு? வரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஆர் 2, இன்னொரு சாய்கோடு போட்டு டபிள்யூ 5 என்று சேர்த்தேன். இரண்டு தடவை, ஐந்தைந்து நொடி, அவ்வளவுதான்.

அப்புறம் சின்னச் சின்னது. வேலை முடிந்ததும் ரோபோகாப்பி ஒரு எண் தரும். 1 என்றால் புது ஃபைல் நல்லபடியாகக் காப்பி ஆகிவிட்டது என்று அர்த்தம். 8-ம் அதற்கு மேலும்தான் தவறு. எண் 8-க்குக் கீழே இருந்தால் மட்டும் அணையும்படி வைத்தேன். ஷட்டவுனுக்கு 60 நொடி கொடுத்திருந்தேன். நேரம் கொடுத்தாலே திறந்திருக்கிற எல்லாவற்றையும் வலுக்கட்டாயமாக மூடிவிடும் என்று ஆல்பத்தில் இரண்டு பக்கம் போன பிறகுதான் தெரிந்தது. இப்போது 300 நொடி, நிறுத்துவதற்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான்.

இரண்டு வருஷத்தில் ஒரு படம்கூடப் போகவில்லை. இதைவிட ஒழுங்கான வேலைக்காரனை நான் பார்த்ததில்லை.

ஆனால் போன மாசம் சிஸ்டத்துக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி, எஸ்எம்பிஎஸ், எரிந்தது. சரிபண்ணி வந்ததும் விண்டோஸ் புதிதாகப் போட்டு, பேட்ச் ஃபைலை நினைவிலிருந்து எழுதினேன். ஆர், டபிள்யூ இரண்டும் விட்டுப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. திங்கள் காலை வந்தால் அதே ஃபேன் சத்தம், டிஸ்க் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. முப்பத்தைந்து மணி நேரம் ஓடியிருக்கிறது.

அதனால் நண்பருக்கு, வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கையாலேயே அணையுங்க என்றுதான் சொன்னேன். அவர் விடவில்லை. ஃபைலை அனுப்பியிருக்கிறேன். ஓட விடுவதற்கு முன்னால் ஆருக்குப் பக்கத்தில் 2 இருக்கிறதா என்று மட்டும் பாருங்க.