பெட்ரோ தளம்: ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

பக்கவாதம் வந்தவரின் மணிக்கட்டு நாளுக்கு நாள் மடங்கி இறுகுகிறது. இரவில் ஸ்பிளிண்ட் (கையை ஒரு நிலையில் பிடித்துவைக்கும் தாங்கி) கட்டலாமா? சீனியர் ஒன்று சொல்வார், பாடப் புத்தகம் வேறொன்று சொல்லும். ஆய்வு என்ன சொல்கிறது என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய இடம் பெட்ரோ. சிட்னியில் 1999இல் பிசியோதெரபிஸ்டுகளுக்காகத் தொடங்கிய தரவுத்தளம் இது. கட்டணம் கிடையாது, லாகின் கிடையாது, மாதந்தோறும் புதுப்பிக்கிறார்கள். ஓ.டி.களுக்கென்றே, அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கென்றே, 2003இல் வந்த ஓ.டி.சீக்கர் தரவுத்தளமும் ஆய்வின் தரத்தை மதிப்பிட பெட்ரோவின் அளவுகோலைத்தான் பயன்படுத்தியது. நிதி வற்றியதால் அதில் புதிய ஆய்வுகள் முழுமையாகச் சேரவில்லை. அதனால் கை, பக்கவாதம், மூளை முடக்குவாதம் என்று வேலை செய்யும் ஓ.டி.க்கும் இன்று பெட்ரோ தேவைப்படுகிறது.

தளத்தில் தமிழ்ப் பக்கங்கள் உண்டு. விளக்கங்களைத் தமிழிலேயே படிக்கலாம். ஆனால் தேடுசொல்லும் ஆய்வுச் சுருக்கமும் ஆங்கிலம்தான்.

தேடும்போது அட்வான்ஸ்டு சர்ச்சுக்குப் போங்கள். முதல் பெட்டியில் பக்கவாதத்துக்கான ஆங்கிலச் சொல்லையும், ஸ்பிளிண்ட் என்பதன் முடிவில் ஒரு உடுக்குறி (*) சேர்த்தும் அடியுங்கள். உடுக்குறி இருந்தால் ஸ்பிளிண்ட்ஸ், ஸ்பிளிண்டிங் எல்லாம் சேர்ந்தே வரும். உடல் பகுதிப் பட்டியலில் கை, மணிக்கட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். பலர் சறுக்குவது இங்கேதான்: இருக்கிற எல்லாப் பெட்டியையும் நிரப்பிவிட்டு, ஒன்றும் வரவில்லை, ஆய்வே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னொரு குறை, ‘இதுவும் அதுவும்’, ‘இது அல்லது அது’ என்ற இரண்டையும் ஒரே தேடலில் கலக்க முடியாது. ஸ்ட்ரோக் (பக்கவாதம்) என்று ஒருமுறை, ஹெமிப்ளீஜியா (உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்று ஒருமுறை தனித்தனியாகத் தேட வேண்டியிருக்கிறது.

முடிவுப் பட்டியலில் ஒவ்வொரு சோதனை ஆய்வுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் நிற்கும். அதைத் தேர்வு மார்க் போலப் படிப்பது பெரிய தவறு. ஸ்பிளிண்ட் கட்டும் தெரபிஸ்டுக்குத் தான் என்ன கட்டுகிறோம் என்று தெரியாமல் இருக்காது, நோயாளிக்கும் அப்படியே. அவர்கள் இருவருக்கும் சிகிச்சை எது என்று தெரியாமல் வைப்பதற்கு ஆளுக்கொரு மதிப்பெண். ஆகவே நம் துறையில் நடைமுறையில் 8 கிடைத்தாலே உச்சம். வெவ்வேறு சிகிச்சைத் துறைகளின் ஆய்வுகளை இந்த மதிப்பெண்ணால் ஒப்பிடாதீர்கள் என்று பெட்ரோவே எச்சரிக்கிறது. ஆய்வின் பக்கத்தைத் திறந்தால் எந்த அம்சத்துக்கு ஆம், எதற்கு இல்லை என்று வரிசையாக இருக்கும். பலனை அளந்தவருக்கு நோயாளி எந்தச் சிகிச்சைக் குழு என்று தெரியாமல் இருந்ததா, 85 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் கடைசிவரை அளவு எடுத்தார்களா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

ஸ்பிளிண்ட் கேள்விக்கே வருவோம். நடாஷா லானின் குழுவின் 2007 ஆய்வில் 63 பேர், எல்லோரும் பக்கவாதம் வந்து 8 வாரத்துக்குள் இருந்தவர்கள். ஒரு குழுவுக்கு மணிக்கட்டை நேராக வைத்து ஸ்பிளிண்ட், இன்னொன்றுக்கு 45 டிகிரிக்கு மேல் பின்னால் நீட்டி, மூன்றாவதற்கு ஸ்பிளிண்டே இல்லை. 4 வாரம், இரவெல்லாம். ஸ்பிளிண்ட் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் நேராக வைத்த குழுவில் மணிக்கட்டு நீட்சி 1.4 டிகிரி கூடியது, பின்னால் நீட்டிய குழுவில் 1.3 டிகிரி குறைந்தது. மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரில் நாம் கையால் அளக்கும்போது வரும் பிழையே இதைவிடப் பெரியது. இறுக்கத்தைத் தடுக்க எல்லோருக்கும் வழக்கமாகக் கட்டுவதற்கு இந்த ஆய்வில் ஆதரவு இல்லை. உள்ளங்கைத் தோலைப் பாதுகாக்கக் கட்டுவது வேறு கேள்வி, அதை இந்த ஆய்வு சோதிக்கவில்லை.

மதிப்பெண்ணில் தெரியாத இன்னொன்றும் உண்டு. அளவுகோலில் 11 அம்சங்கள் இருக்கின்றன. யாரைச் சேர்த்தார்கள் என்ற முதல் அம்சத்துக்கு மதிப்பெண் கிடையாது. சிகிச்சை அறையில் நமக்கு அதிகம் வேண்டியதோ அதுதான். 2006இல் வந்த எக்சைட் ஆய்வு 222 பேரிடம், நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் அணியச் சொல்லி, 2 வாரம் பாதிக்கப்பட்ட கையால் பயிற்சி கொடுத்துப் பலன் காட்டியது. ஆனால் மணிக்கட்டைத் தானாகக் குறைந்தது 10 டிகிரியாவது நீட்ட முடிந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். அசைவே இல்லாத கைக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது. உறையை எடுப்பதற்கு முன் அந்த 10 டிகிரியை அளந்து பாருங்கள்.

பெட்ரோவில் கிடைக்காதவை பல. சமவாய்ப்புச் சோதனைகள் (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல்போல் முடிவு செய்பவை), முறைசார் தொகுப்பாய்வுகள் (பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுபவை), வழிகாட்டு நெறிகள் மட்டுமே இருக்கும். ஒற்றை நோயாளி ஆய்வு, நேர்காணல் ஆய்வு எதுவும் இல்லை. முழுக் கட்டுரை இல்லை, சுருக்கமும் இணைப்பும்தான். பிசியோதெரபிக்கு வெளியே போகும் வீட்டு மாற்றமைப்பு, கையெழுத்துப் பயிற்சி போன்றவற்றுக்குப் பப்மெட், காக்ரேன் போன்ற பொதுவான மருத்துவ ஆய்வுத் தளங்கள் பக்கம் போக வேண்டும். எங்கே தேடினாலும் தேடுசொல்லையும் தேதியையும் நோயாளியின் கோப்பில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே சொற்களை அடித்தால் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியும்.