ஆத்தாவுக்காக இரண்டு டயட்டீஷியன்களிடம் போனோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு இடத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. முதல் இடத்தைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இரண்டாவது இடத்தைச் சொன்னால், இருக்கிற கூட்டம் போதாதா என்று அந்த அம்மாவே என்னைத் திட்டுவார்.

ஆத்தாவுக்கு 71 வயது. சர்க்கரை இருபது வருடமாக இருக்கிறது, பிரஷர் அதற்கும் முன்னாலிருந்தே. போன தை மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் 1.7 என்று வந்தது, இருக்க வேண்டியதைவிட அதிகம். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு, சாப்பாட்டுக்கு ஒரு டயட்டீஷியனைப் பாருங்கள் என்றார். யாரை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காரைக்குடியில் போர்டுக்கா பஞ்சம், ஒரு போர்டைப் பார்த்து உள்ளே போனோம். ஏசி, சோபா, சுவர் நிறைய தங்க பிரேம் போட்ட சர்டிபிகேட்டுகள், வெள்ளைக் கோட்டில் ஒரு பெண். நல்ல மரியாதை, குறை சொல்ல முடியாது. ஆத்தாவை ஒரு மெஷின் மேல் ஏற்றி நிறுத்தி, "உங்க உடம்போட வயசு 83 பாட்டி" என்றார்கள். "எனக்கு 71-ன்னு எனக்கே தெரியுமே, இதுக்கு எதுக்குடா மெஷினு" என்று ஆத்தா என்னைப் பார்த்துக் கேட்டது. நான் சிரித்துக்கொண்டே 7,500 ரூபாய் கட்டினேன், மூன்று மாதப் பேக்கேஜ், அதில் இரண்டு டப்பா புரோட்டீன் பவுடரும் அடக்கம். கையில் கொண்டுபோயிருந்த ரிப்போர்ட் பைலைக் கடைசிவரை யாரும் திறக்கவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை, அதுதான் வருத்தம்.

கொடுத்த அட்டவணையைப் பார்க்க வேண்டுமே. காலையில் ஓட்ஸ், மத்தியானம் கினோவா, சாயங்காலம் அவகேடோவும் இளநீரும், சமையலுக்கு லோ சோடியம் உப்பு, ராத்திரி பவுடர். எங்கள் ஊர் கானாடுகாத்தானில் ஒரு கிழவி அவகேடோவுக்கு எங்கே போகும்? அதில் ஆத்தாவுக்குப் புரிந்த ஒரே வரி, "வெள்ளை அரிசிக்குப் பதில் கருப்புக் கவுனி". மறுநாள் காலையில் அடுக்களையில் கவுனி அரிசி வெந்துகொண்டிருந்தது, பக்கத்தில் சர்க்கரை டப்பா, தேங்காய்த் துருவல், நெய். கேட்டால், "அந்தப் பொண்ணே சொல்லிருச்சுல்ல". செட்டிநாட்டில் கவுனி அரிசி என்றால் சோறு இல்லை, கல்யாணப் பந்தியில் வைக்கிற இனிப்பு என்று அட்டவணை எழுதியவருக்குத் தெரியவில்லை, எங்கிருந்தோ இறக்கிய தாளாக இருக்க வேண்டும்.

இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம். மூன்றாவது வாரம் கால் ஓய்ந்து போகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று ஆத்தா படுத்துவிட்டது. ரத்தம் எடுத்தால் பொட்டாசியம் 5.9. பொதுவாக 5-ஐத் தாண்டக் கூடாது. டாக்டர் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். லோ சோடியம் உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைத்தான் கலக்கிறார்கள். இளநீரிலும் பொட்டாசியம், அவகேடோவிலும் பொட்டாசியம், ஆத்தா சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையோ பொட்டாசியத்தை வெளியே விடாமல் உடம்பிலேயே நிறுத்திவைக்கிற வகை. பழுதான கிட்னிக்குப் பவுடர் வேறு கூடுதல் சுமை. நல்ல உடம்புக்காரருக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது, ஆத்தாவுக்கு நாலு பக்கமும் அடைத்துவிட்டது. அந்தப் பவுடர் டப்பாவிலேயே பொடி எழுத்தில் "மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது, ஹெல்த் சப்ளிமெண்ட் என்றால் அப்படி அச்சிட வேண்டும் என்பது விதி. படித்துப் பார்க்காதது என் தப்பு.

அப்புறம்தான் அந்தச் சுவரில் இருந்த சர்டிபிகேட்டுகளை, ஆத்தாவைப் படம் எடுத்தபோது பின்னால் விழுந்திருந்ததை, பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு வார ஆன்லைன் கோர்ஸ்.

இதற்குச் சட்டமே இல்லையா என்று தேடினால், இருக்கிறது. 2021-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில், பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன் வரிசையில் டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்டும் வருகிறார்கள். மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், அதன் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் தொழில் செய்யலாம். அந்தச் சட்டத்தில் வருகிற எந்தத் தொழிலுக்கும் குறைந்தபட்சப் படிப்பே 2,000 மணி நேரம், இரண்டு வருடத்துக்குக் குறையக் கூடாது. ஆறு வாரம் ராத்திரி பகலாகத் தூங்காமல் படித்தால்கூட ஆயிரம் மணி நேரம்தான் வரும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் சட்டம் வந்து மூன்று வருடம் கழித்தும் மாநிலங்கள் மெத்தனமாக இருந்து, 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் கெடு வைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இது போக ஆர்.டி. என்று ஒன்று இருக்கிறது, ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன். இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் பரீட்சை வைத்துக் கொடுப்பது, ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டு எழுத வேண்டும், நம்பர் தருவார்கள்.

என் தங்கச்சி மகள் புளோரிடாவில் இதே வேலைதான் பார்க்கிறாள். போனில் புலம்பினேன். "மாமா, இங்க மாநிலத்துக்கு மாநிலம் ரூல் வேற" என்று ஒரு கேஸைச் சொன்னாள். கலிஃபோர்னியாவில் டயட்டீஷியன் என்ற பட்டத்துக்குத்தான் காவல், பட்டத்தைப் போட்டுக்கொள்ளாமல் யாரும் ஆலோசனை சொல்லலாம். அங்கே அப்படித் தொழில் செய்த ஒரு பெண் புளோரிடாவுக்குக் குடிவந்து அதையே தொடர, லைசென்ஸ் இல்லை என்று 2017-ல் 754 டாலர் தண்டம். பேசுவதற்கு எதற்கு லைசென்ஸ் என்று அந்தப் பெண் கேஸ் போட்டார். இது பேச்சைத் தடுக்கிற சட்டம் இல்லை, தொழிலை ஒழுங்குபடுத்துகிற சட்டம் என்று 2022-ல் மேல்கோர்ட் சொல்லிவிட்டது. நடுவில் 2020-ல் மாநிலமே விதியைத் தளர்த்தி, டாக்டர் பார்வையில் நோய்க்காக இருப்பவர்களுக்குத்தான் லைசென்ஸ் உள்ளவர் வேண்டும், மற்றவர்களுக்கு யாரும் சொல்லலாம் என்று ஆக்கியதாம். எனக்கு அந்தக் கோடு சரியாகப் படுகிறது. தொப்பை குறைக்க யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லட்டும், எங்கள் தெரு ஆச்சிமார் காலம் காலமாகச் சும்மாவே சொல்கிறார்கள். கிரியாட்டினின் 1.7 இருக்கிறவரிடம் காசு வாங்கிக்கொண்டு சொல்வது வேறு விஷயம்.

இரண்டாவது இடம், ஒரு ஆஸ்பத்திரிக்குள் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, மின்விசிறி சத்தம் போடும். 400 ரூபாய். தயங்கித் தயங்கி, "அம்மா, நீங்க என்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்கலாமா" என்றேன். முகம் சுளிக்கவில்லை, எம்.எஸ்சி. என்று சொல்லி ஆர்.டி. நம்பரையே எழுதிக் காட்டினார். பிறகு முக்கால் மணி நேரம் ரிப்போர்ட்டைப் பார்த்தார், மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார், அப்புறம்தான் ஆத்தாவிடம் பேச்சு. காலையில் என்ன, இடியாப்பமா, எத்தனை, தொட்டுக்க என்ன, மண்டி (அரிசி கழுவின தண்ணீரில் வைக்கிற செட்டிநாட்டுக் குழம்பு) வைப்பீங்களா, அதில் உப்பு எவ்வளவு, ஊறுகாய் வீட்டில் போட்டதா. வத்தல், அப்பளம், ஊறுகாய் மூன்றுக்கும் தடை. காய்களைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னார், பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடுமாம். பருப்புக்கும் மீனுக்கும் கரண்டிக் கணக்கு. கும்மாயத்துக்கு ஆத்தா பேரம் பேசிப் பார்த்தது. உளுந்து, கருப்பட்டி, நெய் மூன்றும் சேர்ந்தால் எப்படி விட முடியும், பண்டிகைக்கு ஒரு ஸ்பூன், வாயில் ருசி தெரிகிற அளவு என்று முடிந்தது. "விவரமான பொண்ணு" என்று வெளியே வந்து சொன்னது ஆத்தா. அதன் வாயிலிருந்து இந்தச் சொல் எளிதில் வராது.

ஆறு வாரத்தில் பொட்டாசியம் 4.8. கிரியாட்டினின் அப்படியேதான் இருக்கிறது, ஏறாமல் இருப்பதே போதும் என்கிறார் டாக்டர்.

குறையும் உண்டு. செவ்வாய், வெள்ளி மட்டும்தான் வருகிறார். டோக்கன் போடுகிற ஆளுக்கு வாயில் நல்ல வார்த்தையே கிடையாது. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், உட்கார நாலு நாற்காலிதான். வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்டால் பதில் வராது. முதல் இடத்தில் தினமும் குட்மார்னிங் படம் வந்துகொண்டிருந்தது, இப்போதும் வருகிறது.

எந்த இடம் என்று நீங்களே கண்டுபிடித்துப் போவதாக இருந்தால் ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். பழைய ரிப்போர்ட், சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள், அது இல்லாமல் வந்தவர்கள் இரண்டு பேரை என் கண் முன்னாலேயே திருப்பி அனுப்பினார்.