கூ கோங்சியில் டிராகன் பார்க்க: முதலில் கூரையைப் பாருங்கள்

பினாங்கு கேனன் ஸ்குவேரில் உள்ள கூ கோங்சி, கூ என்ற சீனக் குலத்தாரின் மண்டபம். அதற்கு லியோங் சான் டோங் என்றும் பெயர். டிராகன் மலை மண்டபம் என்று பொருள். வருகிறவர்களில் பலர் நேரே உள்ளே போய், பொன்பூச்சு மரச்செதுக்கலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். டிராகனுக்காக வருகிறவர்கள் முற்றத்திலேயே அரை மணி நேரம் நில்லுங்கள். அருமையான வேலையெல்லாம் கூரை முகட்டில்தான். பைனாகுலர் அவசியம். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பீங்கான் பளபளப்பில் கண் கூசும்.

கம்பியில் எலும்புக்கூடு கட்டி, சுண்ணாம்புச் சாந்தில் உடம்பு பிடித்து, மெல்லிய வண்ணக் கிண்ணங்களைக் குறட்டால் நறுக்கிச் செதிலாகப் பதிக்கும் கலை இது. வாலில் தொடங்கித் தலையை நோக்கி ஏற வேண்டும். அப்போதுதான் ஒரு செதிலின் நுனி அடுத்ததன் விளிம்பை மூடும். கிண்ணத்தின் வளைவே செதிலுக்கும் வளைவு. நம் கோபுரச் சுதைக்கு இது நெருங்கிய சொந்தம். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் நடக்கிற தூரம்தான், ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். சுதைக்குக் கும்பாபிஷேகம்தோறும் வர்ணம் தீட்ட வேண்டும். பீங்கானில் நிறம் மங்காது. ஆனால் மழைநீர் உள்ளே இறங்கிக் கம்பி துருவேறினால் அது பருத்துச் சாந்தை வெடிக்க வைக்கும், செதில் உதிரும்.

துண்டு துண்டாக அடுக்கி டிராகன் செய்வது சீனாவில் மிகப் பழையது. ஹெனான் மாநிலம் புயாங்கில் 1987-இல் தோண்டிய கல்லறையில், இறந்தவர் பக்கத்தில் சிப்பி ஓடுகளால் அடுக்கிய டிராகன் கிடைத்தது. நீளம் 1.78 மீட்டர், வயது 6,000 ஆண்டுக்கு மேல்.

சீன டிராகன் நெருப்பு கக்குவதில்லை. மழைக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் அதிபதி. மான் கொம்பு, பாம்புக் கழுத்து, கெண்டைச் செதில், கழுகு நகம், மாட்டுக் காது என்று கலந்த உருவம், யாளியைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்நியமாகத் தோன்றாது. நகங்களை எண்ணுங்கள். மிங், சிங் ஆட்சிகளில் ஐந்து நகம் பேரரசருக்கு, நான்கு நகம் இளவரசர், பிரபுக்களுக்கு. அந்த எல்லை எவ்வளவு ஆழமாக மனதில் பதிந்திருந்தது என்பதற்கு இந்தக் கட்டடமே சாட்சி: முந்தைய மண்டபம் 1901-இல் எரிந்தபோது, அரண்மனைக்கு இணையாகக் கட்டியதற்குத் தண்டனை என்றே பேசிக்கொண்டார்கள். இப்போது நிற்பது 1906-இல் அடக்கமாகக் கட்டி முடித்தது.

அக்கம்பக்கத்துக் கடைகளில் ரெசின் டிராகன் வாங்குவதாக இருந்தால் வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். அச்சுக்கோடு செதில்களை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடினால் திருப்பி வைத்துவிடுங்கள்.