ஒட்டுச் செண்பகம் என்று 4,850 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்: ஆன்லைனில் மரக்கன்று வாங்குபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம் செண்பகக் கன்றின் தண்டில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பை அவிழ்த்தேன். நட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டது, இனியும் விட்டால் டேப் தண்டை இறுக்கிவிடும் என்றுதான் அவிழ்த்தேன். உள்ளே ஒட்டே இல்லை, அதாவது ஒரு செடியின் குச்சியை இன்னொரு கன்றின் மேல் இணைத்த இடமே இல்லை. வெட்டிய தடம் இல்லை, புடைப்பு இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே வழவழப்பான பட்டை. வெறும் தண்டில் டேப்பைச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். 4,850 ரூபாய்! இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குத் தென்காசிப் பக்கம். ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் ஒரு வெள்ளைச் செண்பகம் நின்றதாம். குற்றாலத்துக்கு மேலே செண்பகாதேவி அருவிக்கு நடந்துபோன கதையைத் தொடங்கினால் அந்த மரத்தில் வந்துதான் முடிப்பார். இப்போது 74 வயது. மதுரையில் எங்கள் வீட்டு வாசலில் ஒன்று வைத்துத் தர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

வெள்ளைச் செண்பகம் ஒரு கலப்பு மரம். சாதாரணமாக விதை பிடிக்காது. கிளையை மரத்திலேயே வேர்விட வைத்துப் பதியம் போட வேண்டும், இல்லையென்றால் மஞ்சள் செண்பகக் கன்றின் மேல் ஒட்டுக் கட்ட வேண்டும். மஞ்சளிலும்கூட, விதைக் கன்று பூக்க ஏழெட்டு வருஷம் ஆகலாம். ஒட்டுக்கன்று என்றால் ஒன்றிரண்டு வருஷத்திலேயே பூப் பார்க்கலாம். 74 வயதுக்காரருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது! அதனால்தான் விலை கூடினாலும் பரவாயில்லை என்று ஒட்டுக்கன்றாகத் தேடினேன்.

வீடியோ போட்டு அபூர்வ மரக்கன்று விற்கும் ஒரு ஆன்லைன் பக்கம் கண்ணில் பட்டது. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. அங்கே விற்கிறவன் இடுப்பளவு கன்றில் வெள்ளைப் பூ விரிந்திருந்த வீடியோவை அனுப்பினான். அதைப் பார்த்துக்கூட நான் நம்பவில்லை. போனில் பேசும்போது, "அக்கா, உங்க மண்ணு செம்மண்ணா கரிசலா? மழை பேஞ்சா தண்ணி தேங்குமா?" என்று கேட்டான். செம்மண்தான் தம்பி, கொஞ்சம் தேங்கும் என்றேன். "அப்போ மேடு கட்டி வைங்கக்கா, செண்பகத்துக்கு வேர்ல தண்ணி நின்னா அழுகிடும்" என்றான். அது உண்மை. விற்றால் போதும் என்று நினைக்கிறவன் மண்ணைப் பற்றி எதற்கு விசாரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டேன். கன்று 2,100 வீதம் இரண்டு, பேக்கிங் கூரியர் 650. ஆக 4,850 ரூபாய். போனை வைத்த பத்தாவது நிமிஷம் யுபிஐயில் அனுப்பினேன்.

ஆடி கடைசியில் பார்சல் வந்தது. ஒன்றில் வேர் மண் உதிர்ந்து இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. இருபது நாளில் பட்டுப்போனது. கேட்டதற்கு, "போட்டோ அனுப்புங்கக்கா." அனுப்பினேன். "ஓவரா தண்ணி விட்டிருக்கீங்க." இல்லை என்றேன். "ஓனர் ஊர்ல இல்ல, வந்ததும் மாத்தித் தர்றோம்." அந்த ஓனர் தீபாவளி கழிந்தும் ஊர் திரும்பவில்லை. சரி, ஒன்றாவது பிழைத்ததே என்று விட்டுவிட்டேன். அம்மா தினமும் காலையில் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

நேற்று டேப்பை அவிழ்த்ததும் தெருமுனையில் பூச்செடி வளர்க்கும் பெரியவரைக் கூட்டி வந்தேன். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவினார். "பூனைமுடி மாதிரி இருக்கு பாரும்மா. வெள்ளைக்கு இவ்வளவு இருக்காது. இது மஞ்சள், விதைக் கன்னு. நர்சரியில நூறு ரூபாய்க்குள்ள தருவான்" என்றார்.

உடனே விற்றவனுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை அக்கா இல்லை. "மேடம், கன்னு உயிரோடதானே இருக்கு?" என்றான். அப்புறம், "மேல் ஒட்டு செத்து அடிக்கன்னு துளிர்த்திருக்கும்" என்றான். அப்படியென்றால் பட்டுப்போன ஒட்டுக் குச்சியோ வெட்டிய தழும்போ இருக்க வேண்டுமே என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான். பத்து நிமிஷத்தில் எண்ணை பிளாக் செய்துவிட்டான். வங்கியில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். ஒட்டுக்கன்று வந்த அன்றே டேப்புக்கு மேலும் கீழும் தடவிப் பாருங்கள், ஒட்டின இடம் புடைத்துத் தெரியும், மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் கொஞ்சமாவது வேறுபடும். வெள்ளைச் செண்பகம் விதைக் கன்று என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915, பண மோசடிக்கு 1930, அன்றைக்கே கூப்பிடுங்கள்.

இன்று காலை 1915-இல் பதிவு செய்துவிட்டேன். அந்த டேப்பை எறியாமல் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். 4,850 ரூபாய் திரும்பி வருமா தெரியவில்லை. மதுரைக்குப் பக்கத்தில் நேரில் போய் ஒட்டைக் கண்ணால் பார்த்து வாங்குகிற மாதிரி வெள்ளைச் செண்பகம் எங்காவது இருந்தால் சொல்லுங்கள். தை பிறந்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் வாங்கி வர வேண்டும்.