வெனிஸ் ஓட்டலில் ‘முரானோவுக்கு இலவசப் படகு’ என்றால் ஏறாதீர்கள்

ஜேப்படிக்காரன் பர்ஸில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். நஷ்டம் அதோடு முடிந்தது. வெனிஸில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்குபவர்களுக்கு நடக்கும் ஏமாற்று வேறு மாதிரி. சாவி வாங்கும்போதே ரிசெப்ஷனில் சிரித்த முகத்தோடு, “நாளைக் காலை பத்து மணிக்கு நம் வாசலுக்கே படகு வரும், முரானோ தீவுக்குப் போய் கண்ணாடி ஊதுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டணம் எதுவும் இல்லை” என்பார்கள். பத்து மணிக்கு ஏறியவர்கள் பன்னிரண்டு மணிக்குள் நாலைந்து லட்சம் ரூபாய்க்கு ஒரு சரவிளக்கு வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தேனிலவுக்கும் கல்யாண நாளுக்கும் வெனிஸ் போகும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

வெனிஸில் விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு வாட்டர் டாக்சி 120 யூரோவுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு படகை யாரும் சும்மா அனுப்ப மாட்டார்கள். படகுக்குப் பணம் கொடுப்பது கண்ணாடிக் கடை. உங்களை அனுப்பியவருக்கும் கொண்டுவந்தவருக்கும் கமிஷன் கொடுப்பதும் அதே கடை. எந்த அறையிலிருந்து யார் வந்தார்கள் என்ற குறிப்பு உங்களுக்கு முன்பே கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கமிஷன் எல்லாம் விலைக்குள்தான் அடங்கியிருக்கிறது, கொடுப்பது நீங்கள்.

முரானோக் கண்ணாடி பொய்யில்லை. தீ விபத்துக்குப் பயந்து 1291-இல் வெனிஸ் குடியரசு கண்ணாடி உலைகளை எல்லாம் அந்தத் தீவுக்கு மாற்றியது. எழுநூறு ஆண்டுக் கைத்திறன் இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. அந்தக் கைத்திறனின் பெயரைச் சொல்லி நடக்கிறது என்பதால்தான் இந்த ஏமாற்று இன்னும் வருத்தம் தருகிறது.

தீவில் நடப்பது ஏறக்குறைய எப்போதும் ஒரே வரிசைதான். முதலில் உலை. ஒரு கைவினைஞர் சில நிமிடங்களில் ஒரு குதிரையோ குவளையோ செய்து காட்டுவார். இந்தப் பகுதி நன்றாகவே இருக்கும். முடிந்ததும் வாசல் வழியாக வெளியே விட மாட்டார்கள். மாடிப்படி வழியாக ஷோரூமுக்கு அழைத்துப் போவார்கள். கூட்டத்தைப் பிரித்து, ஒரு ஜோடிக்கு ஒரு விற்பனையாளர் என்று அறை அறையாகக் கூட்டிப் போவார்கள். படம் எடுக்கக் கூடாது என்பார்கள். பெரும்பாலான பொருள்களில் விலைச்சீட்டு இருக்காது. எந்த ஊர், என்ன தொழில், எந்த ஓட்டல் என்று பேச்சோடு பேச்சாக விசாரிப்பார்கள். பிறகு ஆறு கிளாஸுக்கு 3,000 யூரோ என்று ஒரு விலை வரும். தயங்கினால் 2,200. எழுந்தால் “உங்கள் ஓட்டல் விருந்தினருக்கு மட்டும்” 1,500, அனுப்பும் செலவும் இன்ஷூரன்ஸும் சேர்த்து. விலை பாதியாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். பாதியில் விற்றாலும் லாபம் இருக்கும்படிதான் முதல் விலையைச் சொல்லியிருக்கிறார்கள்.

வாங்க மாட்டேன் என்று உறுதியாகச் சொன்னால் முகம் மாறும். வந்த படகு ‘வேறு சவாரிக்குப் போய்விட்டது’ என்பார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. முரானோவில் கொலோன்னா, ஃபாரோ என்று பல இடங்களில் பொதுப் படகான வாப்பொரேட்டோ நிற்கும். 4.1, 4.2 எண் படகுகள் பத்தே நிமிடத்தில் வெனிஸின் ஃபொந்தாமெந்தே நோவே துறைக்குக் கொண்டுவந்து விடும். ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். போவதற்கும் இதே படகுதான் சரியான வழி. சொந்தக் காசில் போனால் பிடித்த கடையில் நுழையலாம், பிடிக்காவிட்டால் வெளியே வரலாம். கண்ணாடி அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நல்ல வேலை எது என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

வாங்குவதாக இருந்தால், ‘வேத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ’ என்ற முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1994-இல் வெனெத்தோ மாநிலச் சட்டத்தால் வந்த முத்திரை இது. பொருள் அந்தத் தீவிலேயே செய்யப்பட்டது என்பதற்கு அடையாளம். கடை தானே அச்சடித்த ‘சான்றிதழ்’ அதற்கு ஈடாகாது. பில்லில் பொருளின் விவரம், எண்ணிக்கை, கடையின் முழு முகவரி, அனுப்பும் செலவு யாருடையது, இந்தியாவில் சுங்க வரி யாருடையது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ‘எல்லாம் சேர்த்து’ என்று வாயால் சொன்னதில் சுங்க வரி பெரும்பாலும் இருக்காது. பெட்டி இங்கே வந்த பிறகு கூரியர்காரர் வரியைக் கேட்டு நிற்பார். வாங்கிய அதே பொருளைத்தான் அனுப்பினார்கள் என்று பிறகு நிரூபிக்க ஒரு புகைப்படம் வேண்டும். காசு கொடுத்த பிறகு படம் எடுக்க விடாத கடையில் காசே கொடுக்காதீர்கள்.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. கடைக்குள் தானாக நுழைந்து வாங்கியதைத் திருப்பித் தர ஐரோப்பியச் சட்டத்தில் பொதுவாக உரிமை கிடையாது. ஆனால் விற்பனைக்காக வியாபாரியே ஏற்பாடு செய்த பயணத்தின்போது வாங்கியது என்றால் கதை வேறு. இத்தாலிய நுகர்வோர் சட்டத்தில் அப்படிப்பட்ட விற்பனையைக் காரணம் சொல்லாமலே 30 நாளுக்குள் ரத்து செய்யலாம். இந்த உரிமையை எழுத்தில் சொல்லாமல் விட்டிருந்தால் கெடு இன்னும் 12 மாதம் நீளும். இலவசப் படகு இந்த இடத்தில் உங்களுக்குச் சாட்சி ஆகிறது. ஓட்டல் அனுப்பிய வாட்ஸப் செய்தி, அறையில் வைத்த அட்டை, படகில் எடுத்த படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ரத்து செய்வதாகக் கடைக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஆர்டரின் பேரில் உங்களுக்கென்றே செய்த பொருளுக்கு இந்த உரிமை இல்லை. கையிருப்பில் உள்ளதையே ‘உங்களுக்காகச் செய்தது’ என்று சில பில்களில் எழுதிவிடுவார்கள், கையெழுத்துக்கு முன் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். பொருள் வந்து சேராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்கலாம். பாரிஸிலோ ஜெர்மனியிலோ வசிக்கும் தமிழர்கள் தங்கள் நாட்டில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் செலவில்லாமல் புகார் கொடுக்கலாம்.

இனி அறை. ‘கால்வாய்ப் பக்கம்’ என்று போட்டிருப்பதை, ஊரின் நடுவே ஓடும் பெரிய கால்வாயான கிராண்ட் கனால் என்று நினைத்துப் பதிவு செய்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வெனிஸில் நூற்றுக்கும் மேல் கால்வாய்கள். ரியோ என்று சொல்லும் குறுகலான சந்துக் கால்வாய்க்கும் அதே பெயர்தான். எதிர்ச் சுவர் மிக அருகில் இருக்கும், காலையில் சரக்குப் படகு இன்ஜின் சத்தம் சுவருக்குச் சுவர் எதிரொலிக்கும். பழைய மாளிகைகளில் உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் இருப்பது ‘பியானோ நோபிலே’ என்னும் முதன்மை மாடியில். மேல் மாடிகளில் கூரை சரிந்து வரும், ஜன்னல் சின்னது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் எல்லா மாடிக்கும் லிஃப்ட் வைக்க முடிவதில்லை. சில ஓட்டல்கள் பக்கத்துக் கட்டடத்தில் உள்ள அறைகளையும் அதே பெயரில் விற்கின்றன. அங்கே போகப் பாலம் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: அறை எந்த மாடி, எத்தனை சதுர மீட்டர், ஜன்னல் திறந்தால் தெரிவது எந்தக் கால்வாய், அறை முக்கியக் கட்டடத்தில்தானா, அந்தத் தேதியில் முகப்பில் சாரம் கட்டியிருக்கிறதா. சாரம் மறந்துவிடக் கூடாத கேள்வி. மாளிகைகளைப் பழுதுபார்க்கும்போது முகப்பு முழுக்கத் துணி போர்த்திவிடுவார்கள். கிராண்ட் கனால் அறைக்குக் கொடுத்த விலைக்குச் சாம்பல் நிறத் துணிதான் தெரியும். ஏசியையும் கேளுங்கள். பல பழைய கட்டடங்களில் ஏசிக்கான குளிர்நீருக்கும் வெந்நீருக்கும் ஒரே குழாய் ஜோடிதான் ஓடுகிறது, ஆகவே கட்டடம் முழுக்க ஒன்று குளிர்ச்சி அல்லது வெப்பம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் அறை மாறாததற்குக் காரணம் இதுவே. பதில் எழுத்தில் கையில் இருந்தால் அறை மாற்றச் சொல்லி வாதாட முடியும். முதல் இரவு தங்கிவிட்டுக் கேட்டால் பலன் குறைவு. பெட்டியைப் பிரிக்கும் முன்பே கீழே வந்து சொல்லுங்கள்.

பதிவு செய்த பிறகு வரும் செய்திகளில் கவனம் வேண்டும். ஓட்டலின் கணக்கைத் திருடியவர்கள் முன்பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டியிலிருந்தே, உங்கள் பெயர், தேதி, தொகை எல்லாம் சரியாகப் போட்டு, “கார்டு சரிபார்க்கப்படவில்லை, 12 மணி நேரத்தில் இந்த இணைப்பில் உறுதி செய்யாவிட்டால் ரத்து” என்று எழுதுகிறார்கள். 2023 முதல் ஐரோப்பா முழுக்க நடக்கும் மோசடி இது. இணைப்பைத் தொடாமல் ஓட்டலின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். வாடகை வீட்டை ‘லக்ஸுரி ஓட்டல்’ என்று விளம்பரம் செய்பவர்களும் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் எல்லாத் தங்குமிட விளம்பரத்திலும் சிஐஎன் என்ற அடையாள எண் இருந்தாக வேண்டும். அது இல்லாத இடத்தைத் தொடாதீர்கள்.

பாஸ்போர்ட்டைப் பதிவு செய்து போலீஸுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் அனுப்புவது ஓட்டலின் சட்டக் கடமை. அதற்காகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை, பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம். 2025 ஆகஸ்டில் இத்தாலிய ஓட்டல்கள் பலவற்றின் கணினிகளிலிருந்து விருந்தினர்களின் அடையாள ஆவண ஸ்கேன்கள் திருடப்பட்டு இணையத்தில் விற்பனைக்கு வந்தன. வாட்ஸப்பில் பாஸ்போர்ட் படம் கேட்டால் அனுப்பாதீர்கள், நேரில் காட்டுகிறோம் என்று சொல்லுங்கள்.

சாவி கொடுக்கும்போது கார்டில் முன்தொகை பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் அந்தப் பணம் ஊருக்குத் திரும்பிய பிறகும் பல நாள் முடங்கிக் கிடக்கும். மெஷினில் ‘ரூபாயில் செலுத்தவா, யூரோவிலா’ என்று வந்தால் யூரோவை நீங்களே அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது மெஷின்காரர். பெரிய பில்லில் அந்த ஒரு பொத்தான் ஆயிரக்கணக்கில் தின்றுவிடும். உங்களைக் கேட்காமல் ஊழியரே ரூபாயை அழுத்தியிருந்தால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மினிபாரில் சென்சார் இருக்கும், பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாலும் கணக்கில் ஏறலாம். உங்கள் தண்ணீர் பாட்டிலை அதில் திணிக்காதீர்கள்.

கொண்டோலாவுக்கு நகரம் நிர்ணயித்த கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, மாலை 7 மணிக்குப் பிறகு 35 நிமிடத்துக்கு 110. தலைக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். ஓட்டல் வழியாகப் பதிவு செய்தால் இதற்கு மேல்தான். ஓட்டல் பரிந்துரைக்கும் உணவகத்தில் மீன் விலைக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. 9 யூரோ என்று நினைத்துச் சொன்ன 1,200 கிராம் மீன் பில்லில் 108 யூரோ ஆகிவிடும். சமைக்கும் முன் எடை போட்டு மொத்த விலை சொல்லச் சொல்லுங்கள். 2018 ஜனவரியில் ஜப்பானிய மாணவர்கள் நான்கு பேருக்கு ஸ்டேக், மீன், தண்ணீருக்கு 1,143 யூரோ பில் வந்து உலகச் செய்தியானது இதே ஊரில்தான்.

நகை கொண்டுபோகிறவர்களுக்கு: ‘பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகைக்கு இத்தாலியில் சட்ட மதிப்பு இல்லை. சிவில் சட்டத் தொகுப்பின் 1783-ஆம் பிரிவுப்படி அறையில் தொலைந்ததற்கு ஓட்டல் ஒரு நாள் வாடகையின் நூறு மடங்கு வரை பொறுப்பு. ரிசெப்ஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கியிருந்தால் அந்த வரம்பும் கிடையாது. தாலிக்கொடி, வைர நெக்லஸ் போன்றவற்றை அறை லாக்கரில் விடாமல் கீழே ஒப்படையுங்கள். காணாமல் போனால் அன்றே எழுதிக் கொடுங்கள், தாமதித்தால் உரிமை போய்விடும்.

பில்லைக் கிளம்பும் காலையில் பார்க்காதீர்கள். படகு காத்திருக்கும், பின்னால் நாலு பேர் நிற்பார்கள், எதைக் கேட்கவும் நேரம் இருக்காது. முந்தின இரவே அச்சடித்து வாங்கி வரிவரியாகப் பாருங்கள். சுற்றுலா வரி ஆளுக்கு, இரவுக்கு ஒரு நிர்ணயத் தொகை; ஐந்து நட்சத்திரத்துக்கு 5 யூரோ அளவில், முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும், பத்து வயதுக்குக் கீழ்க் குழந்தைகளுக்குக் கிடையாது. சதவீதக் கணக்கில் ‘நகரக் கட்டணம்’ என்று ஏதாவது இருந்தால் அது வரி அல்ல, என்னவென்று கேளுங்கள். ஒரு நாள் வந்து போகிறவர்களுக்கு 2024-இல் கொண்டுவந்த நுழைவுக் கட்டணம் ஓட்டலில் தங்குபவர்களுக்குப் பொருந்தாது. விலக்குக்கான கியூஆர் குறியீட்டை நகராட்சித் தளத்தில் இலவசமாக எடுக்கலாம், அதற்கென்று பில்லில் தொகை சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.